வாசனை வராத வைத்தியம்

கொம்பு வளராமலிருக்கக் கன்றின் கொம்புக் குருத்தைச் சுடுவதற்கு முன் சென்னப்பன் அந்த இடத்து மயிரைக் கத்தரித்துவிடுவார். பிறகு கன்றின் தலையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, "ஊருகோ, ஊருகோ" என்று தெலுங்கில் தேற்றியபடியே பழுக்கக் காய்ந்த இரும்பை வைத்து எடுப்பார். கருகல் வாசனை வந்தால் வேலை முடிந்தது. மத்திகிரி கால்நடைப் பண்ணையில் வெகுகாலமாக அவருக்கு இதுதான் உத்தியோகம். மாடுகளிடம் தெலுங்கு, அதிகாரிகளிடம் தமிழ், பால் வண்டிக்காரனிடம் கன்னடம். மனைவி முனிலட்சுமியிடம் பெரும்பாலும் உறுமல்தான்.

பீடி அவரைச் சும்மா விடவில்லை. நெஞ்சில் புற்றுநோய் என்று மருந்து ஏற்றிக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டினார். அப்புறம் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது வலது கை களி உருண்டையை விட்டுவிட்டுத் தரையைத் துழாவியது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தால், நெஞ்சில் இருந்தது மூளைக்கும் ஏறி ஒரு புள்ளியாக உட்கார்ந்திருக்கிறது.

"மண்டையத் திறக்க வேணாம். நாலா பக்கத்துல இருந்தும் கதிர அனுப்பி, அந்த ஒரு இடத்துல மட்டும் ஒண்ணாச் சேர வைப்போம். சுத்தி இருக்குற மூளைக்கு அவ்வளவா பாதிப்பு வராது" என்றார் டாக்டர்.

"தலைய அசையாமப் புடிக்க ஆளு இருக்குதுங்களா?"

"இரும்புச் சட்டம் இருக்கு. நாலு திருகாணி போட்டு மண்டையில மாட்டிடுவோம்."

சென்னப்பனுக்குத் திருப்தி. நம்ம பண்ணை வேலையேதான், கொஞ்சம் காஸ்ட்லி என்று முடிவு கட்டினார். முறைப்படி முந்தின நாளே போய்த் தலையை மழுங்க மொட்டையடித்துக்கொண்டு வந்தார். முனிலட்சுமி வயிற்றில் அடித்துக்கொண்டாள். "நல்லது நடக்கப் போற நேரத்துல இது என்னாய்யா கோலம்!" பக்கத்து வீட்டுப் பாப்பம்மா திருப்பதி லட்டு எங்கே என்று கேட்டு வந்தாள். டாக்டர் மொட்டையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "முடி இருந்தாலே பண்ணலாமே" என்றார்.

மரத்துப்போக ஊசி போட்டுத் திருகாணிகளை முடுக்கினார்கள். முனிலட்சுமியைக் கதவுக்கு வெளியே உட்கார வைத்துவிட்டு இவரைக் குகை மாதிரி இருந்த மெஷினுக்குள் தள்ளினார்கள். சென்னப்பன் மூக்கை விரித்துக்கொண்டு காத்திருந்தார். ஒரு வாசனையும் வரவில்லை. சுடவும் இல்லை. வெளியே எடுத்ததும் முதல் கேள்வியாக, "ஏனுங்க, கரண்ட்டு இருந்துச்சுங்களா?" என்றார். ஆயிற்று, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அவர் நம்பவில்லை.

பண்ணையிலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "சும்மா படுக்க வெச்சு எழுப்பி அனுப்பிட்டானுங்க." கை கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. அது கூடவே கொடுத்த மாத்திரையின் வேலை என்றார். திருகாணி பட்ட நெற்றிக் காயத்தில் மாட்டுக்குப் போடும் களிம்பைத் தடவிக்கொண்டு அதற்கும் முனிலட்சுமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். உள்ளே அவருக்குப் பயம். வாசனை வராத வைத்தியத்தை நம்பி உயிரை எப்படி ஒப்படைப்பது? இதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. தூங்காமல் புரண்டு படுப்பதை வைத்து முனிலட்சுமியே தெரிந்துகொண்டாள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி படம் எடுத்தார்கள். டாக்டர் அதை விளக்குப் பலகையில் மாட்டினார்.

"பழைய புள்ளி கடுகளவுக்குச் சுருங்கிடுச்சு. நல்லா வேலை செஞ்சிருக்கு."

சென்னப்பன் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். "அட, நெசமாவே சுட்டுத்தான் இருக்கானுங்க" என்றார். முனிலட்சுமி சிரித்தாள்.

"ஆனா இந்தப் பக்கம் புதுசா ஒண்ணு வந்திருக்கு" என்று டாக்டர் பின்பக்கமாக விரலை நகர்த்தினார். "சின்னதுதான். இதுக்கும் அதே மாதிரி பண்ணிடலாம். ஆனா வேர் நெஞ்சுல இருக்கு. இன்னும் வராதுன்னு என்னால சொல்ல முடியாது."

முனிலட்சுமி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். சென்னப்பன் படத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் பின்மண்டையைத் தடவி அந்த இடத்தைத் தேடினார். கண்டுபிடித்ததும், டாக்டர் பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல், முனிலட்சுமியின் கையைப் பிடித்து இழுத்து அங்கே வைத்து, விடாமல் அழுத்திக்கொண்டார்.