என் தங்கைக்குக் கிடைக்காத புல்தரை

என் தங்கை மெக்தில்டின் இடது தொடையில் கருநீலப் புள்ளிகள் உண்டு. மச்சம் என்று நினைப்பார்கள். அது எங்கள் கால்பந்து கிளப்பின் சாம்பல் தரை. உலைக்கழிவை அரைத்துக் கொட்டி இறுக்கிய மைதானம். அதில் சறுக்கிப் பந்தைத் தட்டினால் தோல் உரியும், துகள் உள்ளே தங்கும். ஆட்டம் முடிந்ததும் அவள் சமையலறை நாற்காலியில் காலை நீட்டுவாள், நான் இடுக்கியால் எடுப்பேன். என் கண்ணுக்குத் தப்பியவைதான் அந்தப் புள்ளிகள்.

சறுக்காமல் இருக்க முடியாது. அவள் தடுப்பாட்டக்காரி.

பக்கத்திலேயே புல்தரை இருந்தது. அது ஆண்கள் அணிக்கு. "புல்லுக்கு ஓய்வு வேணும்" என்பார் தலைவர் ஓவர்காம்ப். அந்தப் புல்லை வெட்டியவன் நான், சுண்ணாம்புக் கோடு போட்டவன் நான். குழாய் பொருத்தும் வேலை முடிந்து வந்து, கூலி வாங்காமல் செய்தேன்.

பெண்கள் கால்பந்து ஆடக் கூடாது என்று நாட்டில் இருந்த தடை நீங்கியபோது மெக்தில்டுக்குப் பத்து வயது. என் பழைய பூட்ஸில் காகிதம் திணித்து ஆடத் தொடங்கினாள். விடியும் முன் பேக்கரியில் நின்று ரொட்டி விற்றாள், மாலையில் பயிற்சிக்குப் போனாள். நாட்டுக்காகவும் ஆடினாள். அதற்குத் தன் விடுமுறை நாட்களைக் கொடுத்தாள். தந்த சட்டை ஆண்களின் அளவு, கை விரல் நுனி வரை தொங்கியது. வட்டாரக் கோப்பையை வென்றபோது கிளப் ஆளுக்கொரு மேசைவிரிப்பு கொடுத்தது. "அடுத்த தடவை ஜெயிங்க, அதுக்குப் பொருத்தமா கைத்துண்டும் தர்றோம்" என்றார் ஓவர்காம்ப். எல்லாரும் சிரித்தார்கள்.

முப்பத்திரண்டு வயதில் விலகும்போது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வெளியூர்ல எல்லாம் புல்லுல ஆடிட்டேன் அண்ணா. கடைசி மேட்ச் நம்ம புல்லுல, நம்ம ஆளுங்க முன்னாடி ஆடணும்."

ஓவர்காம்ப் பீர் கோப்பையை வைத்துவிட்டுக் கை கொடுத்துச் சம்மதித்தார்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மழை பெய்தது. ஆட்ட நாளான சனிக்கிழமை காலை அவர் என்னிடம் வந்தார்.

"புல்லு ஈரமா இருக்கு, எவால்ட். நாளைக்கு ஆம்பளைங்க முதல் அணிக்கு மேட்ச். பொண்ணுங்க பக்கத்துல சாம்பல்லயே ஆடட்டும்."

"குதிகாலை ஊன்றிப் பாத்தேன் தலைவரே. தண்ணி வரல."

"உன் குதிகாலா இங்க தலைவர்?"

'மைதானம் மூடப்பட்டுள்ளது' என்ற பலகையை அவரே வேலியில் மாட்டினார்.

மெக்தில்ட் சாம்பலில்தான் ஆடினாள். முடியப் போகும் நேரத்தில் எதிரணிப் பெண் ஒருத்தி தனியாகப் பந்தோடு ஓடி வந்தாள். பிரியாவிடை ஆட்டம்தான், விட்டிருக்கலாம். மெக்தில்ட் சறுக்கினாள். பந்து பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போனது. இடுப்பிலிருந்து முழங்கால் வரை ரத்தம்.

ஓவர்காம்ப் பூங்கொத்தோடு வந்தார். "இனி வீட்டுக்காரருக்குச் சமைக்க நேரம் கிடைக்கும்."

"அவர்தான் சமைக்கிறாரு. உங்களுக்கும் ஒரு தட்டு சொல்லட்டுமா?" என்றாள், காலைத் துடைத்துக்கொண்டே.

அன்று இரவு முழுக்க மழை கொட்டியது. ஞாயிறு காலை மறுபடியும் குதிகாலை ஊன்றினேன். இம்முறை தண்ணீர் வந்தது. ஈரத்துக்காக மாட்டிய பலகையை மைதானப் பொறுப்பாளனான நான் கழற்றாமல் அங்கே யாரும் ஆட முடியாது. அது எங்கள் கிளப்பின் விதி. நான் கழற்றவில்லை.

"விளையாடாத எவால்ட். கழட்டு."

"நேத்து ஈரம்னு நீங்கதான் சொன்னீங்க. இன்னிக்கு நெஜமாவே ஈரம்."

நடுவர் தன் குதிகாலை ஊன்றிப் பார்த்துவிட்டுச் சாம்பல் தரையைக் காட்டினார். முதல் அணி அங்கே ஆடியது. ஒருவன்கூடச் சறுக்கவில்லை. இரண்டு கோல் வாங்கித் தோற்றார்கள்.

மெக்தில்ட் கட்டுப் போட்ட காலோடு வேலியோரம் நின்று தொத்திறைச்சி தின்றுகொண்டிருந்தாள்.

"மனசு ஆறுச்சா?" என்றேன்.

"அவங்க தோல் உரியணும்னு நான் கேக்கல அண்ணா. எனக்குப் புல்லு வேணும்னுதான் கேட்டேன்."

மறுநாள் ஓவர்காம்ப் என்னிடமிருந்த மைதானச் சாவியைத் திருப்பிக் கேட்டார். சுண்ணாம்பு வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்திவிட்டுக் கொடுத்தேன். இப்போது அங்கே யாரோ கோடு போடுகிறார்கள், கோணலாக. அந்தப் புல்லில் என் தங்கை இன்றுவரை கால் வைக்கவில்லை.