மூன்றாம் வாரத்து மார்க்

அந்தச் சேட்டனை முதல் நாளிலிருந்தே எனக்குப் பிடிக்கவில்லை. சுள்ளிக்கல்லில் ஆட்டோ ஓட்டுகிறவர். நான் சிகிச்சையைத் தொடங்கிய அதே திங்கள்கிழமைதான் அவரும் தொடங்கினார். ஒரு வருடமாக மாத்திரைக்கு அடங்காத மனச்சோர்வு இரண்டு பேருக்கும். அவர் ஆட்டோவைத் தொடாமல் வீட்டில் கிடந்தார். நான் காக்கநாட்டு வேலைக்கு லீவு போட்டுவிட்டு மட்டாஞ்சேரியில் எங்கள் இரண்டு அறை வாடகை வீட்டில் கிடந்தேன்.

எறணாகுளத்தில் ஒரு மருத்துவமனையின் மாடியில் பல் டாக்டர் நாற்காலி மாதிரி இரண்டு நாற்காலிகள், நடுவில் ஒரு பச்சைத் திரை. சாய்ந்து உட்கார்ந்ததும் தலையின் இடது முன்பக்கத்தில் காந்தச் சுருளைப் பொருத்துவார்கள். அது விட்டுவிட்டுத் தட்டும். கொச்சங்காடி கிடங்குகளில் சரக்குப் பெட்டிக்கு ஆணி அடிப்பார்களே, அந்தச் சத்தம். தட்டுகிற ஒவ்வொரு முறையும் இடது புருவம் தானாகத் துடிக்கும். வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம் என்று சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை தட்டல் கிடையாது, ஒரு தாள் மட்டும். தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆர்வம் இருக்கிறதா என்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். கடைசியில் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை குறையக் குறைய நோயும் குறைகிறது என்று அர்த்தம்.

என் தாளை நானே நிரப்பிவிடுவேன். சேட்டன் நாலாம் வகுப்போடு நின்றவர். அதனால் டெக்னீஷியன் பெண் அவருக்குக் கேள்விகளை உரக்கப் படித்துக் காட்டுவாள். திரைக்கு இந்தப் பக்கம் எல்லாமே கேட்கும்.

“பசி உண்டோ சேட்டா?”

“பசி உண்டு மோளே. கறிதான் கொள்ளில்ல.” கறிதான் நன்றாக இல்லையாம்.

முதல் சனிக்கிழமை அவருக்கு இருபது, எனக்குப் பதினேழு. இரண்டாவது வாரம் அவருக்குப் பதினைந்து, எனக்குப் பதினேழு. மூன்றாவது வாரம் அவர் பதினொன்றுக்கு வந்தார். சவரம் செய்துகொண்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டு, எல்லாருக்கும் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பள்ளியிலும் கல்லூரியிலும் நான் யாருக்கும் பின்னால் நின்றதில்லை. கையெழுத்துப் போடவே தடுமாறுகிற ஒருத்தர் இந்தப் பரீட்சையில் மட்டும் என்னைத் தாண்டிப் போகிறார். அவர் தந்த பழம்பொரியை நான் தொடவில்லை.

அந்த வாரம் எனக்குப் பத்தொன்பது.

“கூடியிட்டுண்டல்லோ,” என்றாள் டெக்னீஷியன். “டாக்டரைக் கண்டிட்டு போணும், கேட்டோ.”

பக்கத்தில் அம்மா நின்றாள். இஞ்சிக் கிடங்கில் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு, சனிக்கிழமை அரை நாள். அதனால் அன்று மட்டும் கூட வருவாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எண் தெரியும். நான் படித்த காலமெல்லாம் அவள் கேட்டது ஒரே கேள்விதான்: “கூடியிருக்கா?” கூடியிருந்தால் மறுநாள் சேமியா பாயசம்.

“ஏலே, கூடியிருக்காம்லா!” என்று என் கையைப் பிடித்தாள். பிறகு திரைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “பாவம், அந்தச் சேட்டனுக்கு வாராவாரம் கொறஞ்சிக்கிட்டே போவுது.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ‘அப்படி இல்லம்மா, இதுல கொறஞ்சாதான் நல்லது’ என்று ஒரு வரி போதும். நான் சொல்லவில்லை. உலகத்தில் ஒருத்தியாவது அந்த ஆளைவிட நான் முந்திப்போனதாக நம்புகிறாள். அது எனக்கு இனித்தது. டாக்டரைப் பார்க்காமலே அம்மாவைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாயசம் வைத்தாள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு தூக்குவாளி போனது. “அடுத்த திங்கக்கெழம வேலைக்குப் போயிரலாம்லா? இவ்ளோ தூரம் தேறியாச்சே,” என்றார் அப்பா. “போயிரலாம்ப்பா,” என்றேன்.

அதற்கடுத்த ஐந்து நாட்களும் சிகிச்சைக்கு முன்னால் இருந்ததைவிட மோசம். விடியும் முன்பே விழிப்பு வந்துவிடும், நெஞ்சு படபடக்கும். சட்டைப் பொத்தான் மாட்டாததற்கு அழுதேன். டம்ளர் வைக்கிற சத்தத்துக்கு அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் ஆணி அடிக்கிற சத்தம் நிற்கவில்லை. எல்லாருக்கும் வேலை செய்கிற இயந்திரம் எனக்கு மட்டும் எதிராக வேலை செய்கிறது என்று முடிவுக்கு வந்தேன். சனிக்கிழமையோடு நிறுத்திவிடுவது, திங்கட்கிழமை காக்கநாடு பஸ் ஏறுவது. வீட்டில் தேறியாகிவிட்டது என்று சொன்ன பிறகு வேறு வழியும் தெரியவில்லை.

நாலாவது சனிக்கிழமை சேட்டனுக்கு ஆறு. வெளியே பெஞ்சில் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையிலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது.

“சேட்டா, மனச விட்றாதீங்க,” என்றாள். “இவனுக்கும் மொதல்ல கூடவே இல்ல. போன வாரந்தான் கூடிச்சு. ஒங்களுக்கும் கூடும். நான் மாதாகிட்ட வேண்டிக்கிடுதேன்.”

சேட்டன் ஒரு நிமிடம் முழித்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த தாளைப் பார்த்தார். அதில் இருபத்தொன்று. அவருக்குப் புரிந்துவிட்டது.

“செரியாணு சேச்சி,” என்றார். “ஞான் கொஞ்சம் மோசம்தான். மோன் மிடுக்கன். எனக்காக வேண்டிக்கோங்க.”

அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நோயும் அவருக்குத்தான் குறைகிறது, பெரிய மனசும் அவருக்குத்தானா? நான் உண்மையைச் சொன்னது மனசாட்சி உறுத்தியதால் அல்ல. அதிலும் அவர் ஜெயிக்கக் கூடாது என்ற பொறாமையில்தான்.

“அம்மா, இது மார்க் இல்ல. கூடினா நோய் கூடுதுன்னு அர்த்தம். அவருக்கு நல்லாயிட்டே வருது. எனக்குத்தான் மோசம்.”

அம்மா என் கையிலிருந்த தாளை வாங்கி அந்த எண்ணைப் பார்த்தாள்.

“அப்ப நோய் கூடினதுக்கா பாயசம் வச்சேன்?”

சேட்டன் வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. “சேச்சி, அந்தப் பாயசம் எனக்கு வரவேண்டியதல்லே? நியாயம் வேணும்.”

அம்மாவும் சிரித்தாள், உடனே அழுதாள். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குள் போய்விட்டாள்.

சிலருக்கு இப்படி நடுவில் சில நாட்கள் மோசமாகிப் பிறகு தேறும் என்றார் டாக்டர். அதை வைத்துச் சிகிச்சை தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம், ஆனால் மறைத்தால் தங்களால் எதுவும் செய்ய முடியாது என்றார். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்டார். இல்லை என்றேன், அது பொய் இல்லை. வந்தால் அந்த நிமிடமே கூப்பிட வேண்டும் என்று அம்மாவிடமும் சொன்னார். தட்டலின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, என் நேரத்தைக் காலைக்கு மாற்றினார். மதியத்துக்கு மேல் சாயா கூடாது. ஒவ்வொரு நாளும் எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுத வேண்டும். வேலைக்குப் போவதை இப்போது யோசிக்கவே வேண்டாம்.

அந்த வாரம் தினமும் சாயங்காலம் கிடங்கு விட்டதும் அம்மா என்னைப் படகுத்துறை வரை நடத்திக் கூட்டிப்போனாள். அவள் மேல் இஞ்சித்தூள் வாசம். இரண்டு நாள் நான் வழி முழுக்க வாய் திறக்கவில்லை, அவளும் என்னைப் பேச வைக்கவில்லை. அந்த இரண்டு நாளுக்கும் எழுதிய வரி ஒன்றுதான்: ‘இன்றும் மோசம்.’ வியாழக்கிழமை காலை ஆறு மணி வரை தூங்கினேன்.

ஐந்தாவது சனிக்கிழமை என் கூட்டல் பதினாறு. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். திரைக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியன், “ஒம்பது சேட்டா,” என்றாள். போன வாரத்தைவிட மூன்று கூடுதல். மறுபடி ஆட்டோ எடுத்தாராம், ஸ்டாண்டில் யாருடனோ சண்டையாம், இரண்டு நாளாகத் தூக்கமில்லையாம்.

“ஏலே, என்ன சிரிப்பு?” என்றாள் அம்மா. “போயி அவருகிட்ட ரெண்டு வார்த்த பேசு.”

அவர் வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் போனேன். அவர் பக்கத்தில் நின்றேன்.

“எனக்குப் பதினாறு,” என்றேன்.

“எடா கள்ளா,” என்றார் அவர். “அது சொல்லத்தானே வந்தே?”

“ஆமா,” என்றேன்.

பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.