ஒன்றும் நடக்காத இடங்கள்

குறிப்பக்காவுக்கு வேலையில் அது இருபத்திரண்டாவது வருடம். மானிடவியல் துறையின் படப்பிரிவில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிட்டது. பேராசிரியர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், மனிதர்கள் பிழைக்கிற விதத்தை வாரக்கணக்கில் படமெடுத்து வந்து, டேப்புகளை அவள் மேசையில் கொட்டிவிட்டு மாநாட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அத்தனையையும் கழுத்து நோகப் பார்த்து, எந்த நிமிடத்தில் யார் என்ன சொன்னார் என்று எழுதிவைக்க வேண்டியவள் இவள். ஊரார் பேச்சைக் கேட்டுக் காது புளித்துப்போனவள், வீட்டில் தங்கை வாயெடுத்தால் கண்ணை மூடிக்கொள்வாள். "என்ன, இதுவும் ஒ.ந.வா?" என்று தங்கை குத்துவாள்.

ஒ.ந. என்றால் ஒன்றும் நடக்கவில்லை. யாரும் பேசாமல் சும்மா வேலை மட்டும் ஓடுகிற இடங்களுக்குக் குறிப்பக்கா கண்டுபிடித்த சுருக்கம் அது. பேராசிரியருக்கு ரொம்பப் பிடித்துப்போய், துறை முழுக்க அதையே எழுதச் சொல்லிவிட்டார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றும் திட்டம் வந்தது. திரையில் ஒரு முகத்தைத் தொட்டால் அவர் பேசுவார், கதவைத் தொட்டால் அந்தத் தெரு விரியும். இடம் போதவில்லை என்று ஒ.ந. பகுதிகளை விட்டுவிட்டு மீதியை மாற்றினார்கள். பூஞ்சை பிடித்த டேப்புகள் மொத்தமும் பழைய சாமான் வண்டியில் ஏறின. அதற்குக் கையெழுத்துப் போட்டவளும் அவளேதான். அலமாரி காலியானதில் அன்றைக்கு அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் சலவைக்கடை அம்மாள் வந்து நின்றாள். பத்து வருடத்துக்கு முன்னால் அவள் கடையில் பத்தொன்பது நாள் எடுத்த படம்தான் துறைக்கே பேர் வாங்கிக் கொடுத்தது. வாயைத் திறந்தால் மூடாத மனுஷி. படம் முழுக்க அவள் ராஜ்ஜியம். படமெடுத்த நாளெல்லாம் புருஷன் பின்னால் நின்று துணி தேய்த்துக்கொண்டிருந்தார். கேமராவைக் கண்டால் அவர் வாய்க்குப் பூட்டு. போன வருடம் அவர் இறந்துவிட்டார். வீட்டில் இருக்கிற போட்டோவில் யாரோ மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறாராம். அவர் நடமாடுவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"படத்துல அவரோட முழங்கை மட்டும்தான் வருது. ஒரு வருஷமா அதையே பார்த்துக்கிட்டிருக்கேன்," என்றாள். "மிச்சம் உங்ககிட்ட இருக்கும்னு மருமக சொன்னா."

குறிப்பக்கா பழைய தாள்களை எடுத்துப் புரட்டினாள். 'அவர் தேய்க்கிறார். ஒ.ந.' 'மடிக்கிறார். ஒ.ந.' பக்கம் பக்கமாக அவள் கையெழுத்து. டேப் கெட்டுவிட்டது என்று பூசி மெழுகிவிடலாம், பாதி உண்மைதானே. ஆனால் பொய்யைக் கட்டிக் காப்பாற்றவும் தெம்பு வேண்டும். அது அவளிடம் இல்லை.

"அக்கா, அதெல்லாம் வேண்டாம்னு எழுதினது நான்தான். இப்ப எதுவும் இல்ல."

மூடாத அந்த வாய் அடைத்துப்போனதைப் பார்க்கக் குறிப்பக்காவுக்குத் தாங்கவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

அப்போதுதான் 'காது' ஞாபகத்துக்கு வந்தார். துறையில் ஒலிப்பதிவு செய்தவர். படமெடுத்து முடித்த ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் ஒரு நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லி, அந்த அறையின் அமைதியைப் பிடித்துக்கொண்டுதான் கிளம்புவார். படத்தை வெட்டி ஒட்டும்போது பேச்சுக்கு நடுவில் விழுகிற ஓட்டையை அதை வைத்துத்தான் அடைப்பார்கள். ஒலிப்பதிவு அதிக இடம் அடைக்காது என்பதால் அவற்றில் யாரும் கைவைக்கவில்லை. சலவைக்கடைக்கு இரண்டு இருந்தன. முதலாவதன் மேல் 'கெட்டது' என்று எழுதியிருந்தது.

கெட்டதைப் போட்டாள். யாரும் பேசாதீங்க என்கிறார் காது. மின்விசிறி கிறீச்சிடுகிறது. இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கிற சத்தம். ஒரு செருமல். அம்மாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கால் வலிக்குதா? கொஞ்சம் உட்காரேன்," என்றது ஓர் ஆண் குரல், மெதுவாக. உடனே காது, ஐயா கெடுத்துட்டீங்களே என்று அலுத்துக்கொண்டார். அதோடு முடிந்தது.

பத்தொன்பது நாளும் வாய் திறக்காத மனுஷன், கேமராவை அணைத்த பிறகு, பேசக்கூடாத அந்த ஒரு நிமிடத்தில் பேசியிருக்கிறார்.

அம்மாள் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். ஐந்தாவது தடவை குறிப்பக்கா புதுத் தாள் ஒன்றை எடுத்து, அவர் சொன்னதை எழுத்து விடாமல் எழுதினாள். பிறகு, பழக்கதோஷம், அடுத்து என்ன நடந்தது என்றும் எழுத வேண்டுமே.

"அன்னிக்கு உட்கார்ந்தீங்களா அக்கா?"

"இல்லம்மா," என்றாள் அம்மாள். "சும்மா இருங்கன்னு அவரைக் கண்ணாலயே அதட்டினேன்."