அப்பா சொன்ன முடிவு

அன்னப்பூரணி ஒன்பது வயதில் ஒரு படம் பார்த்தாள். அதன் முடிவை மட்டும் பார்க்கவில்லை. 1962ஆம் ஆண்டு, தாய் இறந்து ஆறு மாதம் கழித்து, அப்பா கோணாமலை அவளை வவுணதீவிலிருந்து தோணியில் ஏற்றி, வாவிக்கு அக்கரையில் இருந்த டவுனுக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போயிருந்தார். படத்தில் நோய்ப்பட்ட தாய் ஒருத்தி, தொலைந்துபோன மகளைத் தேடி ஊர் ஊராக அலைவாள். மகளைக் கண்டுபிடிக்கும் நேரத்தில் அப்பா எழுந்துவிட்டார்.

"வா மகள், தோணி போயிரும்."

வாவியைக் கடக்கும்போது முடிவை அவரே சொன்னார்: தாய்க்கு வருத்தம் சுகமாகி, மகளோடு வீட்டுக்குத் திரும்பினாளாம்.

அன்னப்பூரணி அதை முப்பது வருடத்துக்கு மேல் நம்பினாள். 1990 சண்டையில் வயலையும் வீடுவளவையும் விட்டுத் தகப்பனும் மகளும் டவுனுக்குப் பக்கத்து நாவற்குடாவுக்கு வந்தார்கள். கலியாணம் கட்டாத அவள் பள்ளிக்கூடச் சட்டை தைத்து வீட்டைப் பார்த்தாள். கலியாணம் கட்டி வேறு ஊரில் இருந்த தங்கை செல் குண்டு விழுந்து செத்தபோது, ஏற்கெனவே தகப்பனை இழந்திருந்த அவளுடைய பிள்ளை கண்ணகையும் அன்னப்பூரணியிடம் வந்து சேர்ந்தாள். அப்போது கண்ணகைக்குப் பத்து வயது. செத்த வீட்டில்கூட அவள் அழவில்லை. பிறகும் கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்வாள்.

1995 தை மாதம், அரசாங்கத்துக்கும் இயக்கத்துக்கும் பேச்சுவார்த்தை தொடங்கிச் சண்டை ஓய்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் புஸ்பம் பெரியபிள்ளையான தன் மகளின் சாமத்தியச் சடங்குக்கு வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து, பகல் இரண்டு மணிக்குப் படம் போட்டாள். முதல் காட்சியிலேயே அன்னப்பூரணிக்குத் தெரிந்துவிட்டது. அதே படம்.

கடைசிக் கட்டம் வந்ததும் கோணாமலை பாயிலிருந்து எழும்பி, பேத்தியின் கையைப் பிடித்தார்.

"வாங்க புள்ள, போவம்."

"இரிங்க அப்பா. முடியப் போகுதுதானே?"

"வேணாம் மகள். அந்தத் தாய் செத்துப் போயிருவா."

அன்னப்பூரணி திகைத்துப்போனாள். "அப்ப அண்டைக்கு நீங்க சொன்னது?"

"பக்கத்தில இருந்த ஆள் முடிவச் சொல்லிட்டார். அப்ப உன்ட அம்மா போய் ஆறு மாசம். நான் வேற என்னத்தச் சொல்லுற?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. கண்ணகையைப் பார்த்துக் கேட்டாள். "இருந்து பாப்பமா, போவமா?"

"பாப்பம் பெரியம்மா."

மூவரும் இருந்தார்கள். படத்தில் மகள் தாயின் தலையை மடியில் ஏந்தினாள். தாயின் கை தளர்ந்து விழுந்தது. கண்ணகை பெரியம்மாவின் சேலையில் முகம் புதைத்து, உடம்பு குலுங்க அழுதாள். அழாதே என்று யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது கண்ணகை தானாகவே வாய் திறந்தாள்.

"அம்மா சாகக்குள்ள நான் பக்கத்தில இல்ல. தண்ணி அள்ளப் போயிருந்தன்."

பிறகு அம்மா வைக்கும் இறால் கறியைப் பற்றிச் சொன்னாள். அம்மா சிரித்தால் தெரியும் உடைந்த முன்பல்லைப் பற்றியும் சொன்னாள்.

"அந்தப் பல்லு உடைஞ்சது என்னாலதான் புள்ள," என்றார் கோணாமலை. "சைக்கிள் பழக்கக்குள்ள நான் கைய விட்டுட்டன்."

கண்ணகைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க விழுந்தவ அம்மப்பா? சொல்லுங்க."