கோடை இல்லாத கொள்ளிடம்

இந்தப் பங்குனியில் நான் ஸ்ரீரங்கம் போனது பெருமாளைச் சேவிக்க அல்ல. கோபுரத்தின் உயரமும் பிராகாரங்களின் கணக்கும் வேண்டுகிறவர்களுக்கு வேறு கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. நான் போனது கொள்ளிடத்தின் தென்கரையில் ஒரு பர்லாங் நீளத்தைப் பார்க்க. அந்தக் கரை இடிந்திருக்க வேண்டும். இடிந்திருந்தால் நான் சொன்னது சரி. எட்டு வருஷமாக யாரோடும் ஒட்டாமல் நான் இருந்துவருவதற்கும் ஒரு நியாயம் கிடைத்துவிடும்.

டுட்டோரியல் கல்லூரியில் கணக்குச் சொல்லித்தர வருவதற்கு முன்னால், சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாதிரி ஆய்வு நிலையத்தில் இருந்தேன். அணையோ, ஆறோ, துறைமுகமோ, எதிலும் பெரிதாகக் கைவைப்பதற்கு முன் அதைச் சிறிதாகக் கட்டித் தண்ணீர் விட்டு, என்ன நேரும் என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. எனக்குக் கிடைத்தது கொள்ளிடம். தகரக் கொட்டகைக்குப் பின்னால் நூற்றிருபது அடி நீளத்துக்கு அதைக் கட்டியிருந்தோம். முந்நூறு அடி அங்கே ஓர் அடி. ஆழத்தையும் அப்படிச் சுருக்கினால் விரல் நனையக்கூடத் தண்ணீர் காணாது என்பதால் அதை மட்டும் ஐம்பதுக்கு ஒன்றாக வைத்திருந்தோம். நீரோட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க, பொரியைத் தூவி அது போகும் வழியைப் படம் பிடிப்போம். பாதிப் பொரியைக் காக்கைகள் தின்றுவிடும். ஒரு வருஷத்து வெள்ளம் ஐந்தரை மணி நேரத்தில் முடியும். பிறகு வால்வை மூடிவிட்டு டீ குடித்துவிட்டு வந்து, அடுத்த வருஷத்து வெள்ளத்தைத் திறப்போம்.

என்னோடு அதே ஆற்றில் வேலை செய்தவர் தாவூத். திருச்சிக்காரர், என் வயதுதான். வடகரையில் ஆற்றுக்குள் நீட்டி ஒரு கல் தடுப்புக் கட்டலாமா என்று எங்களைக் கேட்டிருந்தார்கள். கட்டினால் நீரோட்டம் தென்கரைக்குத் தள்ளப்பட்டு, ஆறு வருஷத்தில் ஒரு பர்லாங் கரை போய்விடும் என்றேன் நான். எங்கள் மாதிரி அப்படித்தான் காட்டியது. தாவூத் ஒப்புக்கொள்ளவில்லை. டைரக்டர் முன்னிலையில் பத்துப் பேருக்கு நடுவே அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"இவர் கொள்ளிடத்தைத் தண்ணி இருக்கறப்ப மட்டும்தான் பாத்திருக்காரு சார். ஒரு கோடையில அங்க போய் நிக்கச் சொல்லுங்க. அப்புறம் பேசட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார். நான் ஆற்றை நேரில் பார்த்தது ஒரே முறை, ஆடி வெள்ளத்தில், ஜீப்பில் உட்கார்ந்தபடி. அது உண்மை என்பதால்தான் அதிகம் வலித்தது. கல் தடுப்புக்கு நிலையம் சம்மதம் எழுதிக் கொடுத்தது. அந்த வாரமே நான் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இனி பயணம். எழும்பூரிலிருந்து திருச்சி சுமார் இருநூற்றுப் பத்து மைல், மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒன்பது ரூபாய் இருபது நயா பைசா. இரவு வண்டியில் ஏறினால் காலை ஆறு மணி வாக்கில் ஸ்ரீரங்கம். ஜங்ஷன் வரை போய்த் திரும்ப வேண்டாம், ஸ்ரீரங்கத்திலேயே இறங்கிவிடலாம். அதற்குச் சற்று முன்பே கொள்ளிடத்துப் பாலம் வந்துவிடும். எல்லோரும் ஜன்னலுக்கு வந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எட்டு வருஷம் காத்திருந்த முடிவை ஓடும் வண்டியிலிருந்து தெரிந்துகொள்ள எனக்கு இஷ்டமில்லை.

சத்திரத்தில் அறை நாளுக்கு ஒரு ரூபாய். தண்ணீர் ஏழு மணிக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். எதிரில் இருந்த ஓட்டலில் இட்லி நன்று. காப்பியைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. கொள்ளிடக் கரை அங்கிருந்து ஒன்றேகால் மைல். ஜட்காவுக்கு எழுபத்தைந்து நயா பைசா கேட்டார் வண்டிக்காரர்.

"கொள்ளிடத்துக்கா? தண்ணியே இல்லீங்களே சார்."

"தெரியும்."

"குளிக்கணும்னா காவேரிக்கு ஓட்டறேன். அங்கயும் இல்ல, ஆனா படித்துறையாச்சும் இருக்கு."

"கரையைப் பார்க்கணும்."

அவர் குதிரையைத் தட்டினார். "அப்ப சர்வே ஆபீசரா இருக்கும். எங்க வீட்டை மட்டும் அளந்துடாதீங்க."

எட்டரை மணிக்குக் கரையில் இறங்கினேன். முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் அறிந்த ஆற்றை மூன்று எட்டில் தாண்டலாம். மண்டியிட்டு, கன்னம் மணலில் படக் குனிந்து அதன் ஒவ்வொரு மேட்டையும் பார்த்திருக்கிறேன். இங்கே அக்கரையில் போகிற ஆள் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. ஆனால் கிழக்கே நடக்க நடக்க, இதோ இங்கே கரை உள்வாங்கும், அதோ அங்கே ஒரு மணல் திட்டு நீண்டு முடியும் என்று கால் தானாகவே சொல்லியது. எல்லாம் இருந்தன. இந்த இடத்தை நான் எவ்வளவு நேசித்திருக்கிறேன் என்பது, அதில் நடக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லை.

அந்த ஒரு பர்லாங் வந்தது. அங்கே ஆற்றுக்குள்ளேயே வெள்ளரி போட்டிருந்தார்கள். நாற்பது வயதுள்ள ஒரு பெண் ஊற்றுக்குழியிலிருந்து குடத்தில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். பெயர் அஞ்சலை என்று பிறகு சொன்னார்.

"ஏம்மா, அக்கரையில கல்லுக் கட்டினப்புறம் இந்தக் கரை அறுத்துச்சா?"

"அறுத்துச்சே. மொத வருசமே ரெண்டு தென்னை சாஞ்சு போச்சு."

என் மனம் குதித்தது. ஒருவருடைய தென்னை விழுந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் அந்தக் கரையில் வேறு எவனும் இருந்திருக்க மாட்டான்.

"அப்புறம்?"

"அப்புறம் என்னா? அப்புறம் இல்ல."

"ஏன் இல்லே? தண்ணி இந்தப் பக்கந்தானே தள்ளும்?"

"தள்ளட்டுமே. நாங்க படல் கட்டறோமில்ல." குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் காட்டினார். வெள்ளரிப் பாத்திகளைச் சுற்றி, ஆட்டுக்கும் மணல் காற்றுக்கும் தடுப்பாக, முள்ளும் பனமட்டையும் வைத்துக் கட்டிய வேலிகள் கரையிலிருந்து ஆற்றுக்குள் சரிவாக இறங்கியிருந்தன. "ஆடியில தண்ணி வர்றப்ப இதையெல்லாம் யாரு அவுக்கறா? அப்படியே வுட்டுட்டு ஏறிடுவோம். மண்ணு வந்து ஒக்காந்துக்கும். மறுவருசம் அதுக்கு மேல கட்டுவோம். பழைய கரை எங்கன்னு கேக்கறீங்களா? அந்தா, அந்தப் புளியமரத்துக்கிட்ட."

புளியமரம் எனக்குப் பின்னால் முப்பது கஜத்தில் இருந்தது. கரை இடியவில்லை என்பது மட்டுமல்ல, வளர்ந்திருந்தது.

"எத்தனை நாளா கட்டறீங்க?"

"எங்க மாமியா காலத்துலேர்ந்து வேற எடத்துல போட்டுக்கிட்டிருந்தோம். தென்னை சாஞ்ச அந்தக் கோடையில இங்க மாத்திக்கிட்டோம். புதுசா அறுத்த எடத்துல ஊத்து மேலாக இருக்கும், அதான். நீங்க என்ன சார், வெயில்ல நின்னுக்கிட்டு? ஒரு பிஞ்சு தின்னுங்க."

தின்றேன். வேலிகளின் சரிவைப் பார்த்தேன். நாங்கள் புத்தகத்தில் படித்து, வரைபடம் போட்டு, அரசாங்கத்துக்குச் செலவு காட்டுகிற தடுப்பு அதே சரிவில்தான் இருக்கும். எங்கள் மாதிரியில் மணல் இருந்தது, வெள்ளம் இருந்தது, கல் இருந்தது. கோடை இல்லை. தண்ணீர் ஓடாத மாதங்களில் ஆற்றில் ஒன்றும் நடக்காது என்று அவற்றை விட்டுவிட்டோம். எங்கள் கோடை ஒரு டீ குடிக்கிற நேரம். தாவூத் அன்றைக்கு என்னைக் கேலி செய்யவில்லை. கணக்கில் விட்டுப்போனதைச் சொல்லியிருக்கிறார். நான்தான் சிரிப்பை மட்டும் கேட்டேன்.

பதினொன்றரைக்குச் சத்திரம் திரும்பி, பஸ்ஸில் பதினைந்து நயா பைசாவுக்குக் காவிரியைத் தாண்டி ஊருக்குள் போனேன். தாவூதின் அண்ணன் யூசுப் பெரிய கடை வீதியில் கீலும் தாழ்ப்பாளும் விற்கிறவர் என்று ஞாபகம் இருந்தது. இரண்டு கடை விசாரித்ததில் கிடைத்தார். என் பெயரைச் சொன்னேன். தராசிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நீங்கதானா அது? உக்காருங்க சார். உங்களைப் பத்திப் பேசாம தம்பி இந்தக் கடைய விட்டு எந்திரிச்சதில்ல. நீங்க கோவிச்சுக்கிட்டுப் போனப்புறம் ரெண்டு தரம் உங்க ரூமுக்கு வந்தானாமே. பூட்டியிருந்துச்சுன்னான்."

"இல்லே பாய். உள்ளேதான் இருந்தேன்."

அவர் தராசுத் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். "அதையும் சொன்னான். செருப்பு வெளியில கெடந்துச்சாம்."

டீ வந்தது. தாவூத் இன்னும் அதே நிலையத்தில் இருப்பதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஆத்து மாதிரிய போன மாசம் இடிச்சுட்டாங்களாமே. ஏதோ துறைமுகம் கட்டிப் பாக்கணுமாம், எடம் பத்தலயாம். தம்பி ரெண்டு நாளு ஆபீசுக்கே போகலன்னு அவன் சம்சாரம் எழுதியிருந்துச்சு. ஏன்டா, ஒரு மணல் மேட்டுக்கா இம்புட்டுன்னு கேட்டு எழுதினேன். உங்களுக்குப் புரியாதுண்ணேன்னு பதில் போட்டான். உங்களுக்குப் புரியுதா?"

"புரியுது" என்றேன். அவர் விலாசம் எழுதிக் கொடுத்தார். திருவல்லிக்கேணி. என் அறையிலிருந்து நடந்தே போகலாம். எட்டு வருஷமாக நடக்கலாம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வெள்ளத்தைப் பார்க்க ஆடியில் போகாதீர்கள். வெள்ளம் எந்த ஊரிலும் வெள்ளம்தான். பங்குனி, சித்திரையில் போங்கள். காலை பத்து மணிக்குமேல் மணலில் நடக்க முடியாது, செருப்பு அவசியம். குடிநீர் கொண்டு போங்கள். வெள்ளரிப் பிஞ்சு பத்து நயா பைசாவுக்கு ஆறு. பேரம் பேச வேண்டாம். ஜட்காவைத் திரும்பவும் கூட்டி வரச் சொல்லி முன்பே பேசிக்கொள்ளுங்கள். நான் பேசாததால் ஒன்றேகால் மைல் நடந்தேன்.

மாலை வண்டிக்கு ஜங்ஷனில் ஐம்பது நிமிஷம் இருந்தது. தபால் கார்டு ஒன்று வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன்: "தாவூத், கரை நிற்கிறது. நீங்கள் சொன்னதுதான் சரி. இன்று நேரில் பார்த்தேன். வாருங்கள், பேச வேண்டும்." அதன் கீழே, அவர் அறிந்த அறைதான் என்றாலும், என் விலாசத்தை முழுவதுமாக எழுதி, எந்தத் தெருவில் திரும்பி எங்கே நிற்பது, மாடிப்படி எந்தப் பக்கம், எத்தனை மணிக்குமேல் நான் இருப்பேன் என்பதையும், மற்றவர்களுக்கு எழுதுவதுபோலவே, விவரமாக எழுதினேன்.