வாய் திறந்து தூங்கியவள்

சில்லு வேலை பார்த்தது மூக்குக்கண்ணாடிக் கடையில். முன்பக்கம் நின்று சட்டங்களைக் காட்டிச் சிரித்துப் பேசி விற்கிற வேலை அல்ல. திரைக்குப் பின்னால், வட்ட வட்டமாக வரும் லென்ஸைச் சட்டத்தின் வடிவத்துக்குத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. இயந்திரத்தில் எந்நேரமும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். தேய்ந்த தூள் வெள்ளைச் சேறாகி நகக்கண்ணில் ஏறிவிடும். பிறந்தபோது கைக்கு அடங்காத அளவுக்குச் சிறியவளாக இருந்தாளாம். அதனால் வீட்டில் வைத்த செல்லப்பெயர் சில்லு. கடையிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

மரப்பலகையில் படம் செதுக்கி அச்செடுக்கும் பழக்கம் அவளுக்குத் தற்செயலாக வந்தது. கடை இருந்த தெருவிலேயே ஒரு பழைய போட்டோ ஸ்டூடியோ இருந்தது. எல்லாரும் கைபேசியிலேயே படம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு பாஸ்போர்ட் படத்துக்குக்கூட ஆள் வருவது நின்றுபோனது. ஸ்டூடியோக்காரம்மா முன்னறைக்கு வெள்ளையடித்து, சுவரில் கம்பி கட்டி, கிளிப் மாட்டி, அதைச் சின்ன ஓவியக்கூடமாக்கிவிட்டார். பின்னறையில் ஒரு கை அச்சு இயந்திரம். கண்ணாடி மாற்ற வந்த இடத்தில் சில்லுவின் கைவேலையைப் பார்த்துவிட்டு, "நீ ஒருநாள் வந்து உளியைப் பிடிச்சுத்தான் பாரேன்" என்று அழைத்தார். போனாள். பிடித்தாள். விடவில்லை.

அங்கே ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்திருந்தது. கடிகாரம் பழுது பார்ப்பவர், ஒரு பல் மருத்துவர், பேக்கரியில் மாவு பிசையும் பெண், கல்லூரி ஓவிய ஆசிரியர், இன்னும் சிலர். வருடத்துக்கு ஒருமுறை ஆளுக்கு ஒரு படம் செதுக்கி, மை தடவி, கூட்டத்தில் இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு பிரதி எடுக்க வேண்டும். சுவருக்கு ஒன்று கூடுதல். எல்லாவற்றையும் ஸ்டூடியோக்காரம்மா கலந்து பிரித்து, ஒவ்வொருவருக்கும் எல்லாருடைய படமும் இருக்கிற ஓர் உறையைத் தருவார். விற்பனை கிடையாது. கொடுத்து வாங்குவதோடு சரி.

முதல் வருடங்களில் சில்லு வீட்டிலேயே அச்செடுத்தாள். தாளை மை தடவிய பலகையின் மேல் வைத்து, சாப்பாட்டுக் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து எடுப்பாள். பிறகு துணிக்கொடியில் தொங்கவிடுவாள். அலுவலகங்களுக்குத் தண்ணீர் கேன் போடும் வண்டி ஓட்டுகிற அவள் கணவன் ஒருநாள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "படம் காயற வரைக்கும் நான் இப்படியே ஈரத்தோட நிக்கணுமா? துண்டு போட ஒரு சாண் இடம் விடும்மா" என்றான். அந்த வருடம் முதல் அவள் ஸ்டூடியோவின் பின்னறைக்கே போய் அச்செடுத்தாள். அதனால்தான் பிறகு வம்பாகிப்போன அந்த ஒரு படத்தை வீட்டில் யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை.

வீட்டில் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. கணவனின் அக்கா. புருஷனோடு ஒத்துவராமல், "ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்" என்று ஒரு பெட்டியோடு வந்தவர். மூன்றாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்கிற குரல் அவருடையது. உட்காருவது ஜன்னல்கூட இல்லாத ஓர் அறையில். ஆனாலும் ஒரு முடி கலையாமல், உடுப்பில் ஒரு சுருக்கம் விழாமல்தான் வேலைக்குப் போவார்.

"உள்ள உன்னை யாருக்கா பார்க்கப் போறாங்க?" என்று தம்பி கேலி செய்தால், "மைக்குக்குத் தெரியும்டா" என்பார்.

சில்லுவுக்கும் நாத்தனாருக்கும் சண்டை கிடையாது. பெரிய ஒட்டுதலும் கிடையாது. சமையலறையில் ஒருவர் இருந்தால் மற்றவர் கொஞ்சம் பொறுத்துப் போவார், அவ்வளவுதான்.

ஒரு விடுமுறை நாள் மதியம், காலை வேலை முடித்து வந்த நாத்தனார் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். தலை பின்னால் போய், வாய் நன்றாகத் திறந்துகொண்டது. ஒரு கால் செருப்பிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. சில்லு கையில் அகப்பட்ட லென்ஸ் உறையின் பின்பக்கத்தில் அவசரமாகக் கோடு போட்டாள். கிண்டல் செய்யும் எண்ணம் எதுவும் இல்லை. எந்நேரமும் நிமிர்ந்தே இருந்த ஓர் உடம்பு ஒரேயடியாகத் தளர்ந்து சாய்ந்ததை அவள் அதுவரை பார்த்ததில்லை. அதைச் செதுக்கினாள். அவள் செதுக்கியதிலேயே நல்ல படம் அதுதான் என்று அவளுக்கே தெரிந்தது.

அந்த வருடப் படங்களைச் சுவரில் மாட்டி, உறைகளையும் பிரித்துக் கொடுத்த மாலை, ஓவியக்கூடத்துக்கு மூவரும் போனார்கள். நாத்தனார் இருப்பதில் நல்ல உடுப்பாக உடுத்தி வந்திருந்தார். கையில் டீக் கோப்பையோடு ஒவ்வொரு படமாக நின்று பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு படத்தின் முன் நாலைந்து பேர் நின்று மெதுவாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு பாவம், இப்படி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குது" என்று எட்டிப் பார்த்தவர், மடியில் இருந்த கைப்பையைக் கண்டார். அதன் அறுந்து தைத்த வாரைக் கண்டார். கோப்பையைப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு வெளியே போனார்.

வீடு வந்து சேர்ந்த பிறகுதான் பேச்சு ஆரம்பித்தது.

"என்னைக் கேட்டியா?"

"கேக்கலைக்கா."

"ஏன் கேக்கலை?"

"கேட்டா முழிச்சிருப்பீங்க."

தம்பிக்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்ததில் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "காலி கேனை இறக்கிட்டு வந்துடறேன்" என்று நழுவினான்.

"இந்த ஊருல என் குரல் தெரியாதவங்க இல்லை" என்றார் நாத்தனார். "முகம் ஒருத்தருக்கும் தெரியாது. அப்படி இருக்கறதுதான் எனக்கு நிம்மதி. இப்போ முதல் தடவையா முகம் வெளிய போகுது. அதுவும் எப்படி? வாயைப் பொளந்துக்கிட்டு. எத்தனை பேர்கிட்ட இருக்கு?"

சில்லு சொன்னாள்.

"அத்தனையும் வாங்கிட்டு வா."

ஸ்டூடியோக்காரம்மா விஷயத்தைக் கேட்டதும் சுவரில் இருந்ததை உடனே கழற்றிக் கொடுத்தார். "மத்ததெல்லாம் குடுத்தது குடுத்ததுதான். நான் போய்க் கேக்க முடியாது. நீ கேளு. வெறுங்கையோட போகாதே, பதிலுக்கு ஒரு படம் கொண்டு போ" என்றார்.

பதில் படம் எதுவாக இருக்க வேண்டும் என்பதை நாத்தனாரே முடிவு செய்தார். தலை வாரி, முகம் கழுவி, அதே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்போ வரை" என்றார். சில்லு வரைந்தாள். மூக்கு, புருவம், கழுத்து எல்லாம் அச்சு அசலாக வந்தது. நாத்தனார் திருப்திப்பட்டார். ஸ்டூடியோக்காரம்மா மட்டும் பார்த்துவிட்டு, "பாஸ்போர்ட் படம்னு இப்படித்தான் நான் இத்தனை வருஷம் எடுத்தேன்" என்றார்.

விடுமுறை நாட்களில் கணவனின் வண்டியில் சில்லு வீடு வீடாகப் போனாள். பல் மருத்துவர் உறையைப் பிரிக்கவே இல்லை. அப்படியே எடுத்துக் கொடுத்தார். ஓவிய ஆசிரியர் கலைஞனின் உரிமையைப் பற்றி வெகுநேரம் பேசினார், டீ கொடுத்தார், மறுபடியும் பேசினார், கடைசியில் படத்தையும் கொடுத்தார். கடிகாரக்காரர் இரண்டு படங்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பழசு மூச்சு விட்டுச்சும்மா. இது மூச்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு."

"தெரியும் அண்ணே. ஆனா அவங்க சங்கடப்படறாங்க."

அவர் பழசை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பேக்கரிப் பெண் மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டாள். கதவைப் பாதி திறந்து, தூக்கக் கண்ணோடு, "அது எனக்கு வேணும்" என்றாள். புதுப் படத்தைக் கையால்கூடத் தொடவில்லை.

"நீ கெஞ்சியிருப்பே" என்றார் நாத்தனார். "நாளைக்கு நானே வர்றேன்."

பேக்கரிப் பெண்ணின் வீடு ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, ஒற்றை அறை. மதியம் கடந்து இருவரும் போனபோது அவள் அப்போதுதான் எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தாள். ஜன்னலுக்குக் கனத்த கறுப்புத் துணி போட்டிருந்தது. கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் படம், நான்கு மூலையிலும் ஆணி. அறையில் வேறு படம் எதுவும் இல்லை.

"அந்தப் படத்துல இருக்கறது நான்" என்றார் நாத்தனார். "எனக்கு அது திருப்பி வேணும்."

பேக்கரிப் பெண் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இது நீங்க இல்லைங்களே."

"நான்தாம்மா."

"இல்லைங்க. தினமும் பார்க்கறேன், எனக்குத் தெரியாதா? இவங்க வேற மாதிரி. நீங்க இப்படியெல்லாம் உக்காருற ஆளே கிடையாது."

நாத்தனாருக்குக் கோபம் வந்தது. கைப்பையைத் தூக்கி வாரைக் காட்டினார். அந்த மாதிரிப் பை ஊரில் ஆயிரம் இருக்கும் என்றாள் அவள். "நீ சொல்லேன்" என்று சில்லுவை இழுத்தார். சில்லு தலையசைத்தாள். பேக்கரிப் பெண் அதையும் நம்பவில்லை. உறவுக்காரர் பேசிவைத்துக்கொண்டு வந்திருப்பதாக நினைத்தாள் போலிருக்கிறது.

அறையில் ஒரு சாய்வு நாற்காலி கிடந்தது. நாத்தனார் விறுவிறுவென்று போய் அதில் உட்கார்ந்தார். பையை மடியில் போட்டார். ஒரு செருப்பைப் பாதி கழற்றினார். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, வாயைத் திறந்தார்.

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சில்லுவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"ஆமா, நீங்கதான்" என்றாள் பேக்கரிப் பெண். போய் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். "எடுத்துக்கோங்க. மாத்துப் படம் வேண்டாம்."

நாத்தனார் கண்ணைத் திறந்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை. "எதுக்கு இதைப் போய்க் கட்டிலுக்கு எதிர்ல மாட்டினே?"

"நான் வேலைக்குக் கிளம்பும்போது ஊரே தூங்குதுங்க. நான் வந்து படுக்கும்போது எல்லாரும் எழுந்து ஓடறாங்க. கீழ டங்கு டங்குன்னு அடிக்கறான். எனக்குத் தூக்கமே வராது. கூடத் தூங்கறதுக்கு ஒரு ஆள் இருக்கட்டுமேன்னு மாட்டினேன்."

மூன்று ஆணிகள் வந்துவிட்டன. நான்காவது வரவில்லை.

"விடு" என்றார் நாத்தனார். "இருக்கட்டும். இந்த அறையை விட்டு வெளிய கொண்டு போகாதே. யார் வந்து கேட்டாலும் குடுக்காதே."

பேக்கரிப் பெண் மூன்று ஆணிகளையும் மறுபடி அடித்தாள். பிறகு எல்லாருக்கும் டீ போட்டாள். நாத்தனார் அந்தச் சாய்வு நாற்காலியிலேயே சாய்ந்தபடி டீயைக் குடித்து முடித்தார். திரும்பி வரும் வழியில், "நம்ம வீட்டு நாற்காலி முதுகை ஒடிக்குது. மாத்தணும்" என்றார்.

நாற்காலியை மாற்றவில்லை. அடுத்த வருடம் அவர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். சாமான்களைத் தம்பியின் வண்டியில்தான் ஏற்றினார்கள். திரும்பி வந்த படங்கள் அவருடைய பெட்டியில்தான் இருந்தன. கிழித்தாரா வைத்திருக்கிறாரா என்று சில்லு கேட்கவில்லை. விடுமுறைகளில் வருகிறார். இப்போது இருவருக்கும் முன்னைவிடப் பேச்சு கொஞ்சம் கூடுதல்.

அதற்குப் பிறகு சில்லு யாரையும் கேட்காமல் வரைந்ததில்லை. கேட்டால் பெரும்பாலும் வேண்டாம் என்கிறார்கள். சரி என்பவர்கள் உடனே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்துவிடுகிறார்கள். அதனால் தண்ணீர் கேன்களையும் மூக்குக்கண்ணாடிச் சட்டங்களையும் செதுக்கினாள். "கை சுத்தமா இருக்கு. ஆனா அந்தப் படம் மாதிரி வரலை" என்று ஸ்டூடியோக்காரம்மா ஒளிக்காமல் சொன்னார். சில்லுவும் ஒத்துக்கொண்டாள்.

இந்த வருடம் கடிகாரக்காரர் சம்மதித்திருக்கிறார். அவருடைய கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளச் சொல்லியிருக்கிறார். "வேலையில இறங்கிட்டா நீ இருக்கறதே எனக்கு மறந்துடும்" என்றார். சில்லு போய் உட்காருகிறாள். அவர் இன்னும் அடிக்கொருதரம் நிமிர்ந்து, "டீ சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.