விலாங்குக்கு ஒரு ஜோடி கண்மலர்

திருத்தணி மலைப்படி ஓரக் கடையில் ஒரு ஜோடி கண்மலர் என்னை முறைத்தது. தகட்டில் அடித்த கண்கள்தான். ஆனாலும் எழுபதுகளில் எங்கள் கிணற்றிலிருந்து பார்த்த அதே முழி.

அம்மா சோறு போட்டு வளர்த்த விலாங்கு அது. ஓர் ஐப்பசியில் சாப்பாட்டை விட்டது. வயிறு வெள்ளியாய் வெளுத்தது, கண்கள் பெருத்தன.

"முருகா, இதுக்குக் கண்ணு சரியானா வெள்ளியில கண்மலர் போடறேன்" என்று அம்மா வேண்டிக்கொண்டாள். நான் கணக்கில் கோட்டை விட்டபோது எனக்காக யாரும் கற்பூரம்கூட ஏற்றியதில்லை.

மழை கொட்டிய ஒரு காலை, விலாங்கு கிணற்றின் ஈரச் சுவரில் ஊர்ந்து ஏறி ஆற்றுப் பக்கம் நெளிந்தது. நைனா அதை வாளியில் அள்ளினார்.

"ஒடம்பு சரியில்லாம எங்கடா போய்கினு இருக்கே?"

திரும்பக் கிணற்றில் விட்டுப் பலகையால் மூடினார். அடுத்தடுத்த மழைகளில் பலகையை முட்டியது. பிறகு செத்து மிதந்தது. அன்று அம்மா அடுப்பே மூட்டவில்லை.

முட்டையிடக் கடலுக்குப் புறப்படும் விலாங்குக்குத்தான் கண் பெருக்கும், இரை கசக்கும் என்று தலை நரைத்த பிறகு படித்தேன். நைனாவின் பலகையை இப்போது ஆற்றுக்கே போட்டிருக்கிறார்கள், வழியெல்லாம் தடுப்பணை. விலாங்கு கண்ணில் பட்டே வெகுகாலமாயிற்று.

"யாருக்குங்க கண்ணுல கோளாறு?" என்றார் கடைக்காரர்.

"எங்க வீட்ல எல்லாருக்குந்தாங்க" என்று காசை நீட்டினேன்.